இடப்பக்கம் கிறிஸ்து, வலப்பக்கம் போப்: 1521இல் வந்த ஒரு சிறுநூலின் ஆய்வு

இடப்பக்கத்தில் இயேசு குனிந்து சீடரின் காலைக் கழுவுகிறார். எதிரே வலப்பக்கத்தில் போப் அரியணையில் அமர்ந்து காலை நீட்ட, முடியரசர்கள் மண்டியிட்டு அதை முத்தமிடுகிறார்கள். இரண்டு படத்துக்கும் நடுப்பொருள் ஒரு பாதம்தான். யார் குனிகிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டுமே மாறுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் இது பார்த்தவுடன் விளங்கிவிடும்.

1521ஆம் ஆண்டு ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் அச்சான ‘பாசியோனால் கிறிஸ்டி உண்ட் அந்திக்கிறிஸ்டி’ என்ற நூலில் இந்த இணை இருக்கிறது. கிறிஸ்துவின் பாடுகளைப் படமாகச் சொல்லும் பக்தி நூல்களுக்குப் பாசியோனால் என்று பெயர். அந்தப் பழகிய வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ‘அந்திக்கிறிஸ்து’ (கிறிஸ்துவின் எதிரி) என்று போப்பை நிறுத்தினார்கள். மொத்தம் 26 மரச்செதுக்குப் படங்கள், 13 இணைகள். படங்கள் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கும் அவருடைய பட்டறையும் செய்தவை. விவிலிய வசனங்களைத் தேர்ந்தவர் விட்டன்பர்க் பேராசிரியர் பிலிப் மெலாங்க்தன். போப் படங்களுக்குக் கீழே வரும் திருச்சபைச் சட்ட வாசகங்களைத் தொகுக்க உதவியவர் சட்டம் படித்த யோகான் ஷ்வெர்ட்ஃபெகர். அச்சிட்டவர் யோகான் ராவ்-குருனன்பர்க். நூலில் இவர்களில் யாருடைய பெயரும் இல்லை.

மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களில் ஆட்சியாளரைப் புகழ்ந்தவை ஏராளம். பேரரசர் மாக்சிமிலியனுக்காக ஓவியர் டியூரரும் மற்றவர்களும் 190க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைக் கொண்டு செய்த வெற்றி வளைவுப் படம் ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும். தலைமையில் இருப்பவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்த படங்கள் குறைவு. அந்தக் குறைவான வரிசையில் பாசியோனாலுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். அதன் கோபம் மட்டும் அதற்குக் காரணம் ஆகாது, கோபம் மற்றவர்களிடமும் இருந்தது. ஒரு தலைவரை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு இந்த நூல் ஓர் அளவுகோலைப் படமாகவே செய்து காட்டியது. அந்த அளவுகோலின் பலத்தையும், அது யாரிடம் போய் நின்றது, யாரிடம் போகவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நூல் பிறந்த சூழல்

1520 டிசம்பர் 10ஆம் தேதி விட்டன்பர்க்கின் எல்ஸ்டர் வாசலுக்கு வெளியே, போப்பை எதிர்த்த சீர்திருத்தத் துறவி மார்ட்டின் லூதர் தம்மைக் கண்டித்து வந்த போப்பின் ஆணையைத் தீயில் போட்டார். கூடவே திருச்சபைச் சட்ட நூல்களும் எரிந்தன. 1521 ஜனவரி 3ஆம் தேதி போப் பத்தாம் லியோ அவரைச் சபையிலிருந்து விலக்கினார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்ற லூதர், தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். மே மாதத் தொடக்கத்தில் சாக்சனியின் ஆட்சியாளர் ஃபிரடெரிக் அவரை ‘கடத்தி’ வார்ட்பர்க் கோட்டையில் மறைத்து வைத்தார்.

இந்த நெருக்கடி மாதங்களில்தான் நூல் உருவானது. கிறிஸ்துவையும் போப்பையும் எதிரெதிரே வைக்கும் படநூல் ஒன்று தயாராகிறது, அது பாமர மக்களுக்கு நல்ல நூல் என்று மார்ச் மாதமே லூதர் நண்பர் ஸ்பாலட்டினுக்கு எழுதிவிட்டார். மே மாத இறுதியில் கோட்டையிலிருந்து மெலாங்க்தனுக்கு எழுதிய கடிதத்தில் நூல் தமக்கு மிகவும் பிடித்திருப்பதாகச் சொல்கிறார்.

எதிரெதிர் வைக்கும் யோசனை லூதர் வட்டாரத்தின் கண்டுபிடிப்பு அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, செக் நாட்டுச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வாழ்ந்த காலத்துப் பிராகாவில், ஆதிச் சபையின் எளிமையையும் போப்பின் ஆடம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. ஆனால் அங்கே அது கையெழுத்துப் படிகளோடும் சுவரோடும் ஊர்வலப் பதாகையோடும் நின்றது. விட்டன்பர்க்கில் அதே யோசனைக்கு அச்சகம் கிடைத்தது.

ஏன் மரக்கட்டை?

செப்புத் தகட்டில் கோடு கீறும் முறை அப்போதே உயர்ந்த நிலையில் இருந்தது. கிரானாக்குக்கும் அது கைவந்த கலை. 1520இல் லூதரைத் துறவிக் கோலத்தில் செப்புத் தகட்டில்தான் செதுக்கினார். அப்படியிருக்க, இந்த நூலுக்கு மரக்கட்டையைத் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். அதைத் தாளில் இறக்க உருளை அழுத்தம் வேண்டும், எழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் போட முடியாது. மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும். ஈய எழுத்தும் மேட்டில்தான் மை வாங்குகிறது. ஆகவே கட்டையையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். படமும் அதன் கீழே சில வரி உரையும் ஒன்றாகவே வெளிவரும். சீக்கிரமாகவும் மலிவாகவும் ஒரு பொது வாதத்தைப் பரப்ப நினைப்பவருக்கு இது போதும். ஜெர்மனிலும் லத்தீனிலும் அந்த ஆண்டிலேயே நூல் பலமுறை அச்சானது.

நூலைப் பிரித்தால் இடது பக்கம் எப்போதும் கிறிஸ்து, வலது பக்கம் எப்போதும் போப். இந்த ஒழுங்கு ஓர் இடத்திலும் பிறழவில்லை. இரண்டாவது இணைக்கு வரும்போதே பார்ப்பவர் கண் தானாக இடமிருந்து வலம் போய் வித்தியாசத்தைத் தேடத் தொடங்கிவிடும். தீர்ப்பு நூலில் எழுதப்படவில்லை, படிப்பவரிடமே விடப்படுகிறது. அரசியல் படக்கலையில் இதைப் பெரிய சாதனை என்று சொல்வேன்.

சில இணைகளை நின்று பார்க்கலாம்

முதல் இணையில், மக்கள் தம்மை அரசனாக்க வருகிறார்கள் என்று அறிந்து இயேசு விலகிப் போகிறார். எதிரே போப் ஆயுதம் தாங்கியவர்கள் சூழத் தம் உலகாட்சி உரிமையைக் காக்கிறார். அதிகாரம் தேடி வரும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் நூலின் முதல் கேள்வி. இதை முதலில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வரும் ஆடம்பரம், விருந்து, போர், காசு எல்லாமே இந்த ஒரு வேரிலிருந்து கிளைப்பவை.

அடுத்தது முடி. படைவீரர்கள் இயேசுவின் தலையில் முள்முடியை அழுத்துகிறார்கள். எதிரே ஆயர்கள் போப்பின் தலையில் மூன்றடுக்கு முடியை வைக்கிறார்கள். இரண்டிலும் அமர்ந்திருப்பவர் ஒருவர், சுற்றி நிற்கும் கைகள் சில. உருவ அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான், முடி மட்டும் வேறு. போப் படத்தின் கீழே வரும் வாசகம் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு அரச முடியையும் அலங்காரங்களையும் கொடுத்ததாகச் சொல்லும் சாசனத்திலிருந்து வருகிறது. அந்தச் சாசனம் போலி என்று 1440இலேயே லொரென்சோ வல்லா மொழி ஆராய்ச்சியால் நிறுவிவிட்டார். உல்ரிக் ஃபான் ஹுட்டன் ஜெர்மனியில் வெளியிட்ட பதிப்பின் வழியாக லூதர் அதை 1520இல்தான் படித்தார், படித்து அதிர்ந்தார். ஆகவே விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இணை இன்னொரு அடி கொடுக்கும்: முள்முடி உண்மையாக நடந்தது, எதிரே உள்ள முடியின் உரிமைப் பத்திரம் கள்ளப் பத்திரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் தீயில் போட்ட அதே திருச்சபைச் சட்டத்தை, சில மாதங்கள் கழித்து இந்த நூலில் வரிவரியாக எடுத்துக் காட்டுகிறார்கள். இடப்பக்கத்துக்குச் சாட்சி விவிலியம். வலப்பக்கத்துக்குச் சாட்சி போப்புகளின் சொந்தச் சட்டம். வசை பாட வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுடைய வாக்குமூலத்தை அவர்கள் படத்துக்குக் கீழேயே ஒட்டிவிட்டால் போதும். சட்டம் படித்த ஷ்வெர்ட்ஃபெகரின் கை இங்கே நன்றாகவே தெரிகிறது.

வரி பற்றிய இணையும் முக்கியமானது. மீனின் வாயில் காசு எடுத்து வரி கட்டும்படி இயேசு பேதுருவிடம் சொல்கிறார். எதிரே, குருமாரிடம் வரி கேட்கக்கூடாது என்று போப் தடை போடுகிறார். இயேசு ஏழைகளோடும் நோயாளிகளோடும் இருக்க, போப் வீரர்களின் குதிரை விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இயேசு சிலுவையைத் தோளில் சுமக்க, போப்பை மற்றவர்கள் தோளில் சுமக்கிறார்கள். இந்தக் கடைசி இணைக்கு விளக்கமே தேவையில்லை, சுமை யார் தோளில் என்ற ஒரே கேள்விதான்.

இயேசு தொழுவத்தில் ஏழையாகப் பிறக்கும் படத்துக்கு எதிரே போப் போர்க்கோலத்தில் நிற்கிறார். இது வெறும் கற்பனை என்று அந்தக் கால வாசகர் நினைத்திருக்க மாட்டார். 1511 ஜனவரியில், கடும் பனியில், மிராண்டோலா கோட்டை முற்றுகைக்குப் போப் இரண்டாம் ஜூலியஸ் தாமே போய் நின்றார். பத்தே ஆண்டுகளுக்கு முந்திய சம்பவம், ஐரோப்பா முழுதும் பேசியது. ஆனாலும் படத்தில் இருப்பவருக்கு ஜூலியஸின் முகமோ லியோவின் முகமோ கொடுக்கப்படவில்லை. தனி மனிதரை விட்டு அந்தப் பதவியைக் குற்றம் சாட்டுகிறது நூல். போப் மாறினாலும் குற்றச்சாட்டு நிற்கும்.

பாவத் தண்டனை குறையும் என்று காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டை எதிர்த்து லூதர் ஆய்வுரைகள் எழுதிய 1517ஐப் பன்னிரண்டாவது இணைதான் நேரடியாகத் தொடுகிறது. இயேசு சாட்டையால் வணிகர்களைக் கோவிலிலிருந்து விரட்டுகிறார், மேசை கவிழ்கிறது. எதிரே கோவிலுக்குள்ளேயே போப் அமர்ந்து பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறார், மக்கள் காசை வைக்கிறார்கள். கடைசி இணையில் கிறிஸ்து விண்ணேறுகிறார், போப்பைப் பேய்கள் நரகத்தில் தள்ளுகின்றன. நூலில் எனக்குப் பலவீனமாகத் தெரியும் இணை இதுதான். மற்றப் பன்னிரண்டும் செயலுக்கு எதிரே செயலை வைக்கின்றன. இது முடிவுக்கு எதிரே முடிவை வைக்கிறது. பார்ப்பவர் தாமே எட்டியிருக்க வேண்டிய தீர்ப்பை நூலாசிரியர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

அளவுகோல் எட்டாத இருக்கை

இந்த நூலை மெச்சுபவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் ஆய்வே தொடங்குகிறது. கிரானாக் 1505 முதல் ஃபிரடெரிக்கின் அரண்மனை ஓவியர். அவரிடமிருந்து 1508இல் சிறகுள்ள பாம்பு பொறித்த குலச்சின்னம் பெற்றவர். விட்டன்பர்க்கில் மருந்துக்கடை உரிமையும் நகரமன்ற இடமும் அவருக்கு இருந்தன. 1509இல் அதே ஃபிரடெரிக்கின் திருப்பண்ட (புனிதர்களின் எலும்பு முதலிய நினைவுப்பொருள்) சேகரிப்புக்குப் படப் பட்டியல் நூல் ஒன்று வெளியானது. 5,005 பண்டங்கள். அவை வைக்கப்பட்ட பேழைகளை நூற்றுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குகளில் வரைந்தவர் கிரானாக். காணிக்கையோடு வந்து அந்தப் பண்டங்களை வணங்குபவருக்குப் பாவத் தண்டனையில் இத்தனை ஆண்டு குறைப்பு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாரம். 1520 வாக்கில் எண்ணிக்கை 19,000ஐத் தாண்டிவிட்டது. சேகரிப்பின் பெருமைக்குரிய பண்டம் இயேசுவின் முள்முடியிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட ஒரு முள்.

முள்முடியை எளிமையின் அடையாளமாகச் செதுக்கிய அதே பட்டறைதான் அதன் முள் ஒன்றை ஓர் ஆட்சியாளரின் சொத்தாகவும் விளம்பரப்படுத்தியிருந்தது. டெட்சல் என்ற துறவியின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை ஃபிரடெரிக் தம் நாட்டுக்குள் அனுமதிக்காததற்கும் தம் திருப்பண்டங்களுக்கு வரும் கூட்டமும் காணிக்கையும் ஒரு காரணம். விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் போய்ச் சீட்டு வாங்கினார்கள். அப்படியென்றால் கோவிலுக்குள் காசு மேசை போட்டவர் ரோமில் மட்டும் இருக்கவில்லை.

டெட்சலை அனுப்பிய பேராயர் ஆல்பிரெக்ட்டின் கதையும் இதோடு சேர்கிறது. மைன்ஸ் பேராயர் பதவிக்காக ஃபுக்கர் வங்கியிடம் கடன் வாங்கி, சீட்டு விற்பனையில் பாதியை அந்தக் கடனுக்குக் கட்டியவர் இவர். 1517இல் லூதர் தம் ஆய்வுரைகளை அனுப்பியதும் இவருக்குத்தான். இதே ஆல்பிரெக்ட்டைக் கிரானாக் 1520இல் செப்புத் தகட்டில் செதுக்கினார். அவருடைய ஹாலே கோவிலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பலிபீட ஓவியங்களைக் கிரானாக் பட்டறை இந்தக் காலத்தில்தான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 1525இல் அவரைப் புனித ஜெரோம் கோலத்தில் வரைந்தும் கொடுத்தார்.

இதை வைத்துக் கிரானாக்கைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தக் காலத்துப் பட்டறை ஓவியர் வந்த வேலையைச் செய்தார், லூதர் அணியும் போப் அணியும் இன்னும் முழுதாகப் பிரியவும் இல்லை. நான் கேட்பது நூலைப் பற்றி. அதில் அரசர்கள் எங்கே வருகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பாதத்தை முத்தமிடும் இடத்தில் அவமானப்படுத்தப்பட்டவர்களாக வருகிறார்கள். வரி இணையில் உரிமை பறிபோனவர்கள் அவர்கள்தான். உலகாட்சி இணையிலும் போப் அபகரித்தது அவர்களுடைய அதிகாரத்தை. பதின்மூன்று இணைகளில் ஒன்றில்கூட அவர்கள் குற்றவாளிகளாக இல்லை. குதிரை விளையாட்டு, விருந்து, பல்லக்கு, போர் எல்லாம் சாக்சனி அரண்மனையிலும் நடந்தவைதான். கிரானாக்கே குதிரை விளையாட்டுக் காட்சிகளை அரண்மனைக்காகத் தனி அச்சுப்படங்களாகச் செய்திருக்கிறார். போப் செய்தால் பாவம், இளவரசர் செய்தால் பெருமை.

நூலின் சார்பில் ஒரு பதில் உண்டு: போப் கிறிஸ்துவின் பிரதிநிதி என்று உரிமை கோரியவர், ஆகவே கிறிஸ்துவோடு ஒப்பிட வேண்டியவரும் அவர்தான், இளவரசர் அப்படிக் கோரவில்லை. இந்தப் பதிலை மதிக்கிறேன். ஆனால் சில ஆண்டுகளிலேயே லூதரிய நாடுகளில் சபையை நடத்தும் பொறுப்பு இளவரசர்களிடம் போனது, மடங்களின் சொத்துகளும் போயின. அப்போது அந்த அளவுகோலை அவர்களிடம் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1525 மே மாதத்தில் ஃபிராங்கன்ஹவுசனில் இளவரசர்களின் படைகள் விவசாயிகளை ஆயிரக்கணக்கில் கொன்றன. அதே ஆண்டு நூரம்பர்க்கில் டியூரர் தம் அளவை நூலில் ஒரு வெற்றித் தூணின் படத்தைச் சேர்த்தார்: கால்நடை, கூடை, பால் ஜாடி, விவசாயக் கருவிகள் என்று அடுக்கி, உச்சியில் முதுகில் வாள் பாய்ந்த ஒரு விவசாயி. அது கேலியா, துக்கமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். முதுகில் குத்துவது வெற்றி ஆகுமா என்று டியூரர் கேட்பதாகவே நான் படிக்கிறேன். விட்டன்பர்க்கின் அச்சுப்படம் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

முடி வெட்டிய கத்தி

அச்சுப்படத்தை ஆட்சியாளர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

1522 செப்டம்பரில் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியான வெளிப்படுத்தல் நூலுக்குக் கிரானாக் பட்டறை 21 படங்கள் செய்திருந்தது. பாபிலோன் விலைமகளின் தலையிலும் விலங்கின் தலையிலும் போப்பின் மூன்றடுக்கு முடி. பக்கத்து நாட்டை ஆண்ட சாக்சனிக் கோமகன் ஜார்ஜ் பழைய சமயத்தில் உறுதியானவர், ஃபிரடெரிக்கின் பங்காளி முறை. அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். டிசம்பரில் வந்த அடுத்த பதிப்பில் மேலடுக்குகளைக் கட்டையிலேயே செதுக்கி எடுத்துவிட்டார்கள், சாதாரண முடி மட்டும் மிஞ்சியது. 1534இல் முழு விவிலியம் வந்தபோது மூன்றடுக்கு முடி திரும்பி வந்தது. படத்தின் பொருளை மாற்ற ஒரு கத்தியும் கொஞ்ச நேரமும் போதும் என்பதையும், அந்தக் கத்தி யார் சொன்னால் எழும் என்பதையும் இது காட்டுகிறது.

1527இல் நூரம்பர்க்கில் போதகர் ஆசியாண்டரும் செருப்புத் தைக்கும் கவிஞர் ஹான்ஸ் சாக்ஸும் போப் ஆட்சியின் வீழ்ச்சியைச் சொல்லும் படநூல் ஒன்றை வெளியிட்டார்கள். அந்த நகரம் ஏற்கெனவே சீர்திருத்தத்தை ஏற்றிருந்தது. அப்படியும் நகரமன்றம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது, ஆசியாண்டரைக் கண்டித்தது, சாக்ஸிடம் செருப்புத் தொழிலோடு நிற்கும்படி சொன்னது. போப்பைத் திட்டியதற்காக மட்டும் இப்படி நடந்திருக்காது. பேரரசரோடு உறவு கெடும் என்ற அச்சமும், பொதுத் தலைமையைப் பற்றி யார் வேண்டுமானாலும் படம் போட்டுப் பேசலாம் என்ற பழக்கம் வந்துவிடும் என்ற கவலையும் அதில் கலந்திருந்தன என்பது என் கணிப்பு.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1529இல் லூதரை எதிர்த்த இறையியலாளர் கொக்லேயஸ் எழுதிய நூலின் முகப்பில் ஹான்ஸ் புரோசாமர் லூதருக்கு ஏழு தலைகள் வரைந்தார். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு பேச்சுப் பேசுகிறது என்பது குற்றச்சாட்டு. கூர்மையான படம்தான். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் கிடையாது.

1545: எதிர்ப்பக்கம் போனபின்

லூதர் இறப்பதற்கு முந்திய ஆண்டு, கிரானாக் பட்டறையிலிருந்து போப் ஆட்சியைச் சித்திரிக்கும் புதிய படத்தொடர் ஒன்று வந்தது, கீழே லூதரின் செய்யுள் வரிகளோடு. ஒன்றில் பேய் போப்பைப் பெற்றெடுக்கிறது. ஒன்றில் இரண்டு விவசாயிகள் போப்பின் ஆணைக்கு முன்னால் பின்புறத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றில் ஒருவன் மூன்றடுக்கு முடியைக் கவிழ்த்து வைத்து அதில் மலம் கழிக்கிறான்.

24 ஆண்டுகளில் கலைத்திறன் குறைந்துவிடவில்லை, கோபமும் குறையவில்லை. காணாமல் போனது இடப்பக்கம். 1521இல் போப்பைப் பார்த்தவர் அதே பார்வையில் நல்ல தலைமை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தார்: கால் கழுவும், வரி கட்டும், முடியைத் தவிர்த்து விலகிப் போகும் ஒருவர். அந்த உருவம் பக்கத்தில் இருந்தவரை, படிப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு எந்த அரண்மனைக்கும் எந்த நகரமன்றத்துக்கும் போயிருக்கலாம், தம் ஊர் இளவரசரின் எதிரேயும் வைத்துப் பார்த்திருக்கலாம். நூலைச் செய்தவர்கள் அதைச் செய்யத் துணியவில்லை. நூலின் அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது. 1545 தொடரில் எதிரி மட்டுமே இருக்கிறார். அதைப் பார்த்துச் சிரிக்கலாம், அருவருக்கலாம். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விட்டன்பர்க்கில் ஆண்டுகொண்டிருந்தவரிடம் போய் ஒரு கேள்வி கேட்க முடியாது.